இங்கனதான் இருக்கேன்

ராஸ் அல் கைமாவில் நாங்கள் வேலை பார்த்த டைல்ஸ் கம்பெனியில், அவரைத் தேடிப் போனவர்கள் முதலில் பார்ப்பது அவருடைய கோட்டைத்தான். நாற்காலியின் முதுகில் சாம்பல் நிறத்தில் தொங்கும். மேஜைமேல் ஒரு மூக்குக்கண்ணாடி மடக்காமல் கிடக்கும். கம்ப்யூட்டரில் பாதி வரைந்த குளியலறை ஒன்று திறந்தபடி இருக்கும். ஆள் பாத்ரூம் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று நம்பி நிற்பார்கள். அவரோ கடற்கரைச் சாலையில் காரை நிறுத்தி, சீட்டைச் சாய்த்துப் போட்டு, கரக் டீ குடித்துக்கொண்டிருப்பார். அந்தக் கோட்டை அவர் போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இந்த வெயிலில் எவன் கோட்டுப் போடுவான்? அது நாற்காலிக்கு வாங்கிய கோட்டு. கண்ணாடியும் அப்படித்தான். எடுத்து மாட்டிப் பார்த்திருக்கிறேன், பவரே கிடையாது.

போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பார். அதில் குறை சொல்ல முடியாது. எடுத்ததும் சொல்வார்: "இங்கனதான் இருக்கேன். இந்தா வந்துட்டேன்."

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஊரில் பாதிப் பேர் அவரைத் திட்டுவார்கள், மீதிப் பேர் என்னைத் திட்டுவார்கள். நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். கூடப் பிறந்தவர் இல்லை, எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. எனக்கு விசா வாங்கித் தந்தவர், வேலை வாங்கித் தந்தவர், முதல் மூன்று மாதம் தன் வீட்டு ஹாலில் படுக்க வைத்துச் சோறு போட்டவர். அதை ஒருநாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை. இத்தனை எழுதப் போகிறவன் இதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் முதன்முதலில் ஷார்ஜாவில் வந்து இறங்கிய அன்று, பெட்டியோடு வெளியே வந்து பூத்திலிருந்து அவருக்குப் போன் செய்தேன். "இங்கனதான் நிக்கிறேன், வெளிய வா" என்றார். வெளியேதான் இருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். கையில் ஷவர்மா பொட்டலம், முகம் நிறையச் சிரிப்பு. "பசிக்குமேன்னு வாங்கப் போனேன்டா" என்று தோளில் கைபோட்டார். வாய்க்குள் வைத்திருந்த கோபமெல்லாம் ஷவர்மாவோடு உள்ளே போய்விட்டது. அப்படித்தான் எல்லோரும் அவரிடம் ஏமாந்தோம். வராததுக்குக் கோபப்பட உட்கார்ந்திருப்போம், வந்ததுக்குச் சந்தோஷப்பட்டு எழுந்துவிடுவோம்.

அவருடைய மனைவியை நான் மச்சி என்பேன். அண்ணன் மனைவிக்கு எங்கள் ஊர் முறை அது. மச்சிக்குப் பிரசவம் ஆனபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நானும் என் மனைவியும். காக்கா போனில் இருந்தார். "கீழதான் இருக்கேன், பார்க்கிங் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார். மகள் பிறந்து, அழுது, பால் குடித்து, தூங்கியும் போனாள். பார்க்கிங் கிடைக்கவில்லை. மச்சி அன்று சிரித்தார். "இவுகளுக்கு ஆஸ்பத்திரிக்குள்ள கார் விடணும்போல" என்றார். கல்யாணமான புதிதில் எல்லாம் சிரிப்புத்தான்.

கொரோனா வந்தபோது உலகமே வீட்டுக்குள் முடங்கி அழுதது. காக்கா ஒருவர்தான் அதில் விடுதலை கண்டார். வீட்டிலிருந்து வேலை என்றார்கள். ஆறு மாதத்தில் அவருக்கு விளங்கிவிட்டது, எந்தச் சுவரில் எந்த டைல் வர வேண்டும் என்று வரைவதற்கு நாற்காலியும் வேண்டாம், கோட்டும் வேண்டாம். கம்பெனியை விட்டார். சொந்தமாக லைசென்ஸ் எடுத்தார். விசா அவர் பெயரில், அதன் கீழே மச்சிக்கும் மகளுக்கும் விசா. எங்கள் கம்பெனி வேலையையே வெளியிலிருந்து வாங்கி வரைந்து கொடுத்தார். அதை வாங்கி அனுப்புகிறவன் நான்.

பிறகு ஒருநாள், பிரேசில் போகிறேன் என்றார்.

லேப்டாப் வைத்து வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த நாட்டில் தனியாக விசா கொடுக்கிறார்களாம். கடற்கரை ஊர், ஒரு தீவு, ஃப்ளோரியானோபோலிஸ். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். மச்சி அதைப் புளோரி என்று சுருக்கிக்கொண்டார். "மூணு மாசம் பார்த்துட்டு வாரேன். பிடிச்சா உங்களையும் கூட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது மகள் சஃப்னா ஒன்பதாம் வகுப்பு. பன்னிரண்டு முடிக்கும் வரையில் அந்த மூன்று மாதம் முடியவில்லை.

போவதற்கு முன் இரண்டு காரியம் செய்தார். வீட்டு ஹாலை ஒரு படம் எடுத்தார். சோபா, நீலத் திரைச்சீலை, சமையலறை வாசல், சுவர்க் கடிகாரம், ஒரு நாற்காலி, அதில் சஃப்னாவின் பள்ளிக்கூடப் பை. மீட்டிங்கில் பேசும்போது முதுகுக்குப் பின்னால் அந்தப் படத்தைப் போட்டுக்கொள்வார். பிரேசிலில் காலை எட்டு மணிக்குக் கடலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர், இங்கே மதியம் மூன்று மணிக்கு ராஸ் அல் கைமா வீட்டு ஹாலில் இருப்பார். வாடிக்கையாளர்களுக்குக் கடைசிவரை தெரியாது. பின்னால் இருக்கிற கடிகாரம் எப்போதும் பதினொன்றரை காட்டுகிறதே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இரண்டாவது, தன் சிம்மை ஒரு பழைய போனில் போட்டு என் கையில் கொடுத்தார். "இதை மட்டும் ஆஃப் பண்ணிராத" என்றார். இந்த நாட்டில் எதைத் தொட்டாலும் ஓடிபி. வீட்டு வாடகைக்கு, கரண்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, எல்லாவற்றுக்கும் ஆறு எண் அந்தப் போனுக்கு வரும். உடனே என் போன் அடிக்கும். "டேய், ஓடிபி." நான் ஃபேக்டரிக்குள் சூளைப் பக்கம் நிற்பேன், தொழுகைக்கு ஒளு செய்துகொண்டிருப்பேன், மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பேன். எடுத்து வாசிப்பேன். மூன்று வருடம் அந்தப் போனை என் பிள்ளையைப் போல சார்ஜ் போட்டு வளர்த்தேன்.

அங்கே ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று ஊரில் பேசினார்கள். மச்சிகூட ஒருமுறை என் மனைவியிடம் அழுதபடி கேட்டிருக்கிறார். நான் அறிந்தவரையில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும், மனுஷன் புத்தி அப்படித்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் வீடியோவில் காட்டியதெல்லாம் மணல், இளநீர், ரப்பர் செருப்பு, ஒற்றைக் கட்டில் போட்ட ஒரு அறை, வறுத்த மீன். "டேய், இங்க ஒருத்தரும் எப்ப வருவீகன்னு கேக்கிறதில்லடா" என்றார் ஒருநாள். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

விசா சட்டம் ஒன்று இருக்கிறது. வளைகுடாவில் டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும். வெளிநாடு போகிறவர் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை இந்த மண்ணுக்குள் வந்துவிட வேண்டும். இல்லையென்றால் விசா தானாகச் செத்துப்போகும். அவருடையது செத்தால் அதைப் பிடித்துத் தொங்குகிற மச்சி விசாவும் மகள் விசாவும் நிற்காது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். 'டச்' பண்ணுவது என்போம் அதை. மூன்று நாள் இருப்பார். முதல் நாள் தூங்குவார், இரண்டாம் நாள் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், மூன்றாம் நாள் பெட்டி கட்டுவார். "விசாவைப் பார்க்க வாராக. நாம நடுவுல நிக்கிறோம்" என்று மச்சி கறிச்சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். அப்போது சிரிப்பு நின்றுபோயிருந்தது.

சஃப்னா பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம், பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து நாங்கள் குடும்பத்தோடு மச்சி வீட்டில் சாப்பாடு. பிரியாணி. சஃப்னா தரையில் அட்டைகளைப் பரப்பி ஒரு வீடு செய்துகொண்டிருந்தாள். கட்டடக்கலை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வாப்பா வரைவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. இங்கேயே ஒரு காலேஜில் இடம் கேட்டிருந்தாள். நேர்முகத்துக்கு அந்த அட்டை வீட்டைக் கொண்டுபோக வேண்டும்.

என் சட்டைப் பையில் அவருடைய போன் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். அவருடைய கார்டில் யாரோ காபி வாங்கியிருக்கிறார்கள். இடம், துபாய் ஏர்போர்ட்.

கார்டு திருட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். "காக்கா, எங்க இருக்கீக?"

"இங்கனதான்டா."

அவர் பேச்சுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் அரபியிலும் பிறகு இங்கிலீஷிலும் கோலாலம்பூர் விமானத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னைத் தெரிந்த நாளிலிருந்து ஆயிரம் தடவை 'இங்கனதான்' என்று சொன்ன மனுஷன், அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னார்.

"காக்கா! துபாய்லயா இருக்கீக?"

உடனே அந்தச் சிரிப்பு. "கண்டுபிடிச்சிட்டியா? மலேசியாவுல ஒரு ஓட்டல் வேலைடா. நடுவுல மூணு மணி நேரம். வீட்டுல சொல்லிராத. வெளிய வந்தா சோறு, அழுகை, எப்ப வருவீகன்னு கேள்வி. ஃப்ளைட்டைக் கோட்டை விட்ருவேன். டச்சும் ஆச்சு பாரு, இன்னும் ஆறு மாசத்துக்குக் கவலையில்ல."

ஏர்போர்ட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் டச் எப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றியது. வெளியே வந்து பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே நுழைந்தால்தானே கணக்கு? தோன்றியதைச் சொல்லவில்லை. எனக்கு விசா வாங்கித் தந்த மனுஷனுக்கு விசா சட்டம் நான் சொல்வதா என்று நினைத்தேன். அந்த மரியாதை நாசமாய்ப் போக. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவர் எரிச்சலோடாவது எழுந்து வெளியே வந்திருப்பார்.

உள்ளே வந்தேன். "யாரு போன்ல?" என்றார் மச்சி. "கம்பெனி ஆளு" என்றேன். என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.

ஜூனில் சஃப்னாவுக்கு அந்தக் காலேஜில் இடம் கிடைத்தது. சேருவதற்கு நடப்பு விசா காட்ட வேண்டும். அவள் விசா புதுப்பிக்கிற நேரமும் அதுதான். மூவரும் டைப்பிங் சென்டருக்குப் போனோம். அரசாங்க விண்ணப்பமெல்லாம் அடித்துக் கொடுக்கிற கடை. கவுண்டரில் ஒரு மலையாளப் பையன். விசா எண்ணை அடித்தான். திரும்ப அடித்தான். பிறகு மச்சியை அவர்கள் ஊர் அக்கா முறையில் இத்தா என்று கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இத்தா, ஸ்பான்சர் விசா கேன்சலாயி. ஆள் வெளிய போய் ஆறு மாசம் கழிஞ்சு. கடைசியா உள்ள வந்தது போன செப்டம்பர்."

மச்சி காக்காவை வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் ஹால் படம் இல்லை, அசல் கடல். காற்றில் முடி பறந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதெப்படி? அந்தப் பயலுக்கு ஒண்ணும் தெரியல. நான்தான் பிப்ரவரில துபாய்ல எறங்கினேனே! போர்டிங் பாஸ் ரெண்டும் இருக்கு. இந்தா அனுப்புறேன், அவன் கண்ணுல காட்டுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தன் வாயாலேயே சொன்னார். சட்டத்தில் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற வேகத்தில், எதிரே யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டார்.

படம் வந்தது. பையன் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "இது டிரான்சிட் அல்லே. எமிக்ரேஷன் கடந்து வெளிய வரணும். இது கணக்கில்ல."

மச்சி அவனிடம் கேட்டார்: "எவ்வளவு நேரம் இருந்தாகன்னு அதுல தெரியுமா தம்பி?"

"மூணு மணிக்கூர் இத்தா."

"ஒரு மணி நேரத்துல வந்திருப்போமே" என்றார் மச்சி, அவனிடமா என்னிடமா என்று தெரியாமல். "சோத்தைக் கட்டி எடுத்துக்கிட்டு நாங்களே வந்திருப்போமே. பிள்ளையைப் பார்த்துட்டாவது போயிருக்கலாம்."

சஃப்னா போனை வாங்கித் தேதியைப் பார்த்தாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, கோபம் வந்தால் இங்கிலீஷ்தான் வரும். "தட் ஃப்ரைடே" என்றாள். "பிரியாணி டே. நான் மாடல் பண்ணிட்டு இருந்தேன். சாச்சா பால்கனிக்குப் போனீங்க." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யூ நியூ, சாச்சா."

சாச்சா என்றால் சின்ன வாப்பா.

இத்தோடு முடிந்திருந்தால் தெரியாமல் செய்த தப்பு என்று நான் அவரை மன்னித்திருப்பேன், என்னையும் மன்னித்திருப்பேன். ஆனால் வழி இருந்தது. காரணம் எழுதி விண்ணப்பித்தால் திரும்ப உள்ளே வர அனுமதி கிடைக்கும், ஒரு மாதத்துக்குள் ஆள் நேரில் வந்து இறங்க வேண்டும், மற்றதை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்றான் அந்தப் பையன். நானே எழுதினேன். பொய்தான் எழுதினேன். அனுமதி வந்த செய்தி என் கையில் இருந்த அவர் போனுக்குத்தான் வந்தது. அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"அல்ஹம்துலில்லாஹ். இந்தா வந்துட்டேன்" என்றார்.

முதல் வாரம் டிக்கெட் விலை அதிகமாம். இரண்டாம் வாரம் ஒரு வரைபடம் கொடுக்க வேண்டுமாம். மூன்றாம் வாரம் மழை, ரோட்டில் தண்ணீர், ஏர்போர்ட் போக முடியவில்லையாம். நான் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டேன், அவர் ஒவ்வொரு நாளும் முதல் மணியிலேயே எடுத்தார். கடைசி வாரம் காலேஜிலிருந்து சஃப்னாவுக்குக் கடிதம் வந்தது, தேதி தாண்டினால் இடம் அடுத்தவருக்கு என்று. அவளே வாப்பாவைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். கெஞ்சவில்லை. "வாப்பா, யூ ஜஸ்ட் ஹேவ் டு கம். ஒரு தடவை. வந்துட்டு உடனே போயிருங்க. எப்ப வருவீங்கன்னு நாங்க கேக்க மாட்டோம்" என்றாள்.

"கேக்கணுமாடா செல்லம்? டிக்கெட் போட்டாச்சு. இந்தா வந்துட்டேன்" என்றார்.

அவர் சொன்ன நாளில் அந்தப் பெண் அம்மாவோடு ஏர்போர்ட்டில் போய் நின்றாள். நான்தான் கூட்டிப் போனேன். சாவ் பாலோவிலிருந்து வந்த விமானம் இறங்கி, கடைசிப் பெட்டியும் வெளியே போன பிறகும் நின்றோம். அவருடைய போனைத் திறந்து பார்த்தேன். டிக்கெட் வாங்கியதற்கான செய்தி எதுவும் இல்லை. அவர் போடவே இல்லை. அது எனக்கு முந்தின நாளே தெரியும், இருந்தும் ஒருவேளை வந்துவிடுவார் என்று கூட்டிப் போனேன். ஓடிபி கேட்டு அவர் என்னைக் கூப்பிடவில்லையே.

ஆகஸ்டில் இருவரும் ஊருக்குப் போனார்கள். சஃப்னா இராமநாதபுரத்தில் கிடைத்த ஏதோ ஒரு பாடத்தில் சேர்ந்தாள். வீட்டைக் காலி செய்தது நான். சோபாவை ஒரு பெங்காலி எடுத்துக்கொண்டான். அட்டை வீட்டைக் கொண்டுபோக மாட்டேன் என்று சஃப்னா விட்டுவிட்டாள். அதையும், அலமாரி மேலிருந்து விழுந்த அவளுடைய பழைய பள்ளிக்கூடப் பையையும் என் கையாலேயே குப்பைத் தொட்டியில் போட்டேன். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

அக்டோபரில் ஒரு மீட்டிங். ஒரு பாகிஸ்தானி கான்டிராக்டர், நான், காக்கா. திரை திறந்தது. அவருக்குப் பின்னால் அதே ஹால். அதே நீலத் திரைச்சீலை, பதினொன்றரை மணி, நாற்காலியில் சஃப்னாவின் பை. பேச்சு முடியும்போது கான்டிராக்டர் ஹிந்தியில் விசாரித்தார், வீட்டில் எல்லோரும் நலமா பாய் என்று. காக்கா கழுத்தைத் திருப்பி, படத்தில் இருந்த சமையலறை வாசலை ஒருமுறை பார்த்தார்.

"யஹீன் ஹைன் பாய்" என்றார். இங்கனதான் இருக்காக. "கிச்சன்ல."

நான் கேமராவை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"டேய், ஓடிபி வந்திருக்கும் பாரு. சீக்கிரம் சொல்லு, டைம் போயிரும்."

இழுப்பறையிலிருந்து அவருடைய போனை எடுத்தேன். ஆறு எண்ணும் திரையில் தெளிவாக இருந்தன.

"வரலையே காக்கா."

"நல்லாப் பாருடா. போனு எங்க இருக்கு?"

"இங்கனதான் இருக்கு. இந்தா வந்துரும்" என்று சொல்லிவிட்டு, அந்த எண்கள் செல்லாமல் போகும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.